புரையேறி அடங்கிய பிறகு

செஞ்சிக்கு வடக்கே நான்கைந்து கிலோமீட்டரில் இருக்கிறது சிங்கவரம். குன்றின் பாறையைக் குடைந்து பல்லவர் காலத்தில் எடுத்த அரங்கநாதர் கோயிலால்தான் வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் தெரியும். சுற்றுவட்டாரம் நெல்லும் மல்லாட்டையும் விளைகிற பூமி. நிலக்கடலையை இந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வார்கள். விதைப்புக்கு முந்திய நாட்களில் நாலைந்து பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து விதைக்காய் உடைப்பார்கள். கை ஓயாது, பேச்சும் ஓயாது. உடைக்கிற காயில் ஒன்றிரண்டு பருப்பு வாய்க்கும் போகும். யாரோ ஒருத்தி எதையோ சொல்ல, எல்லோரும் சிரிக்க, ஒருவருக்குப் புரையேறும். கண்ணில் நீர் வர இருமுவார். பக்கத்தில் இருப்பவர் உச்சந்தலையில் தட்டுவார். "யாரோ நெனைக்கிறாங்கடி" என்று ஒரு குரல் வரும். ஒரு சொம்புத் தண்ணீர், இரண்டு நிமிடம், இருமல் அடங்கிவிடும். எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை மறக்கத் தக்கதுதான் அது. மிச்சம் ஒரு முறையைப் பற்றியது இந்தக் கட்டுரை. அந்த ஒரு முறை, இருமல் அடங்கியதற்குக் காரணம் பருப்பு வெளியே வந்தது அல்ல. இன்னும் கீழே இறங்கிவிட்டது.

தொண்டையில் இரண்டு வழிகள் இருக்கின்றன. முன்னால் மூச்சுக்குழல், பின்னால் உணவுக்குழல். நாம் விழுங்கும் ஒவ்வொரு முறையும் மூச்சு ஒரு கணம் நிற்கிறது, குரல்வளை மேலெழும்புகிறது, அதன் மூடி சாய்கிறது, குரல்நாண்கள் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. உணவு பின்பக்கமாக நழுவிப் போகிறது. இத்தனையும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். நாம் கவனித்துச் செய்வதில்லை. ஆனால் பேசும்போதும் சிரிக்கும்போதும் குரல்வளை திறந்திருந்தாக வேண்டும். சிரித்து முடித்தவுடன் இழுக்கிற மூச்சு ஆழமானது, வேகமானது. அந்த நேரம் பார்த்து வாயில் பாதி மென்ற பருப்பு இருந்தால், காற்றோடு சேர்ந்து அதுவும் உள்ளே போகும். மல்லாட்டையை மேலே எறிந்து வாயால் பிடிக்கிற விளையாட்டும் இப்படித்தான்: தலை அண்ணாந்திருக்கிறது, வாய் திறந்திருக்கிறது, பிடிக்கிற கணத்தில் மூச்சு உள்ளே இழுபடுகிறது. நல்லி எலும்பை வாயில் வைத்து உறிஞ்சுகிறவர் செய்வதும் ஏறக்குறைய அதேதான். உறிஞ்சுவது மூச்சின் வேலை. எலும்புச் சில்லு கழன்றால் மூச்சு போகிற வழியிலேயே போகும்.

குரல்நாண்களைத் தொட்டதும் உடம்பு துள்ளி இருமுகிறது. அந்த இருமலுக்கு வலு அதிகம். பெரும்பாலும் வந்த பொருளை எறிந்துவிடும். எறிய முடியாமல் குரல்வளையிலேயே அடைத்துக்கொண்டால் ஆள் நிமிடங்களில் சாகக்கூடும். அதைப் பிறகு பார்ப்போம். வெளியேயும் வராமல், குரல்வளையையும் அடைக்காமல் பொருள் கீழே இறங்கிவிடுவது மூன்றாவது வகை. பெரியவர்களிடம் கவனிக்காமல் விடப்படுவது இதுதான். பெரியவர்களின் மூச்சுக்குழல் அகலமானது. பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் கீழே இறங்கி அது நெஞ்சுக்குள் இரண்டாகக் கவைவிட்டுப் பிரிகிறது. வலப்பக்கக் கிளை இடப்பக்கத்தைவிட அகலம், நீளத்தில் குட்டை, கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்குவது. இடப்பக்கக் கிளை இதயத்துக்கு இடம்விட்டு, சாய்ந்து போகிறது. ஆகவே மேலிருந்து விழும் பொருள் பெரும்பாலும் வலது நுரையீரலின் அடிப்பகுதிக்குப் போய்ச் சேரும். சின்னக் குழந்தைகளுக்கு மூச்சுக்குழலே சிறியது என்பதால் மேலேயே அடைத்துக்கொள்ளும். ஆபத்து உடனே தெரியும். பெரியவருக்கு ஒரு கிளைக்குழாய்தான் அடைபடுகிறது. மற்றவை எல்லாம் வேலை செய்கின்றன. மூச்சு விட முடிகிறது, பேச முடிகிறது. அந்த ஆழத்தில் இருமல் உணர்வும் குரல்வளையில் இருக்கிற அளவுக்குக் கூர்மையாக இருப்பதில்லை. சிறிது நேரத்தில் பழகிப்போய் மரத்துவிடும். அதைத்தான் நாம் "அடங்கிடுச்சு" என்கிறோம்.

பிறகு என்ன ஆகும் என்பது உள்ளே போன பொருளைப் பொறுத்தது. மல்லாட்டை இருப்பதில் மோசமான வகை. அதன் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். அந்த எண்ணெய் குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கி வீங்க வைக்கும். ஈரத்தில் பருப்பும் ஊறி உப்பும். சீத்தாப்பழக் கொட்டை, புளியங்கொட்டை, கொட்டைப்பாக்கு எல்லாமே நாட்பட நாட்படத் தொல்லை தருபவை. எலும்புச் சில்லின் கூர்முனை சுவரில் குத்தி, சுற்றிலும் சதை வளரும். கருவியை விட்டுப் பார்க்கிற மருத்துவருக்கே அது புற்றுக்கட்டியோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு வளரும். வழவழப்பான பிளாஸ்டிக்கோ உலோகமோ ஆண்டுக்கணக்கில் சும்மா கிடக்கலாம்.

ஒரு வகை தனியாகச் சொல்ல வேண்டியது: இரும்புச்சத்து மாத்திரை. கர்ப்பிணிகளுக்கும் இரத்தசோகை உள்ளவர்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுப்பார்களே, அதுதான். வழி தவறி மூச்சுக்குழாய்க்குப் போனால் அது அங்கே கரைந்து சுவரை அரித்துவிடும். மாத்திரை கரைந்து காணாமல் போகும், தழும்பு நிற்கும், குழாய் சுருங்கும். தண்ணீர் இல்லாமல், படுத்தபடி, அவசரமாக மாத்திரை போடுகிற பழக்கத்தை விட இந்த ஒரு காரணமே போதும்.

குழாய் பாதி அடைபட்டிருந்தால் மூச்சை இழுக்கும்போது குழாய் விரிந்து காற்று உள்ளே போகும். விடும்போது சுருங்கிப் பொருளை இறுக்கிக்கொள்ளும், காற்று வெளியே வராது. சைக்கிள் டியூபின் வால்வு வேலை செய்கிற விதம் இது. அந்தப் பகுதி நுரையீரல் ஊதிப்போகும். முழுக்க அடைத்துக்கொண்டால் நேர்மாறாக, உள்ளே இருந்த காற்று இரத்தத்தில் கலந்துபோய் அந்தப் பகுதி சுருங்கிவிடும். இரண்டிலும் சளி வெளியேற வழியில்லாமல் தேங்கும். தேங்கிய சளியில் கிருமி பெருகும். காய்ச்சல், மஞ்சள் சளி, நெஞ்சுவலி வரும். டாக்டர் நிமோனியா என்பார், சரியாகத்தான் சொல்வார். ஐந்து நாள் மாத்திரையில் குறையும். ஒன்றிரண்டு மாதத்தில் திரும்ப வரும், அதே இடத்தில்.

தடம் மாறுவது இங்கேதான். இருமலும் இளைப்பும் ஆஸ்துமா போலவே இருக்கும். இன்ஹேலர் கொடுப்பார்கள், கொஞ்சம் சுகம் தெரியும், போகாது. சளியில் இரத்தக் கோடு வந்தால், எக்ஸ்ரேயில் ஒரு நிழலும் இருந்தால், டி.பி.யாக இருக்குமோ என்று பார்ப்பார்கள். நம் நாட்டில் டி.பி. அவ்வளவு பரவலான நோய் என்பதால் அந்தச் சந்தேகத்தில் தவறில்லை. சளிப் பரிசோதனையில் கிருமி தெரியாமலே, படத்தை மட்டும் வைத்து ஆறு மாத மருந்தை ஆரம்பிக்கும்போதுதான் யாராவது நின்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: "சாப்பிடும்போது எப்பவாவது புரையேறி மூச்சு முட்டுச்சாம்மா?" பீடி, சிகரெட் பிடிப்பவராக இருந்தால் சந்தேகம் புற்றுநோய்ப் பக்கம் சாயும்.

2017இல் இங்கிலாந்தின் பிரஸ்டன் நகர மருத்துவர்கள் எழுதிய ஒரு நோயாளியின் கதை அப்படிப்பட்டது. 47 வயதுக்காரர், புகைப்பவர். ஓராண்டுக்கு மேலாக இருமல், படத்தில் நிழல். புற்று என்றே நினைத்துக் குழாயை உள்ளே விட்டார்கள். வந்தது ஒரு குட்டி ஆரஞ்சு நிறப் பொம்மை: சாலையில் தடுப்புக்கு வைப்பார்களே, அந்தக் கூம்பின் விளையாட்டு வடிவம். ஏழாவது பிறந்தநாளுக்கு அவருக்கு வந்த பரிசு. நாற்பது ஆண்டு நெஞ்சுக்குள் கிடந்திருக்கிறது.

நமக்குப் பக்கத்திலேயே ஒன்று உண்டு. 2021இல் கேரளத்தின் கண்ணூர் அரசு மருத்துவக் கல்லூரியில் நாற்பது வயதுப் பெண் ஒருவரின் நுரையீரலிலிருந்து ஒரு விசிலை எடுத்தார்கள். பதினைந்து வயதில் விளையாட்டாக வாயில் வைத்து ஊதியது உள்ளே போயிருந்தது. 25 ஆண்டு ஓயாத இருமல். விசிலை எடுத்துக் காட்டிய பிறகுதான் அந்தப் பழைய நாள் அவருக்கு நினைவுக்கு வந்தது. இன்னொன்று கொல்கத்தாவில், 2024 தொடக்கத்தில் செய்தியானது: பேசிக்கொண்டே மூச்சை ஆழமாக இழுத்தபோது மூக்குத்தியின் திருகு உள்ளே போய்விட்டது. வயிற்றுக்குள் போயிருக்கும், தானாக வந்துவிடும் என்று அந்தப் பெண் சும்மா இருந்துவிட்டார். வாரக்கணக்கில் இருமல் போகாமல் ஸ்கேன் எடுத்தபோது திருகு நுரையீரலில் தெரிந்தது. மூக்குத்தி போடாத வீடு குறைவான நம் ஊரில் இது அதிசயச் செய்தியாக மட்டும் படிக்க வேண்டியதில்லை. திருகு தளர்ந்திருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.

யாருக்கு இந்த ஆபத்து அதிகம்? முதலில் குடித்திருப்பவருக்கு. மது, குரல்வளையின் காவலை மழுங்க வைக்கிறது. டாஸ்மாக் பாரில் மேசை மேல் என்ன இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்: வறுத்த மல்லாட்டை, சுண்டல், எலும்போடு பொரித்த கோழி. விழுங்கும் திறமையைக் குறைக்கிற பானத்துக்குப் பக்கத்தில், வழி தவறிப் போக இருப்பதிலேயே தோதான தின்பண்டங்கள். அதைவிடச் சிக்கல், இரவு புரையேறியது காலையில் நினைவிருக்காது. மருத்துவர் கேட்டாலும் "அப்படி ஒண்ணும் இல்லிங்க" என்பார். பொய் சொல்ல மாட்டார், உண்மையிலேயே தெரியாது.

அடுத்து வயதானவர்கள். பல் விழுந்தவர் சரியாக மெல்ல முடியாமல் முழுசாக விழுங்குவார். வெற்றிலையும் பாக்கும் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு அப்படியே கண்ணயர்கிற பாட்டிகள் எத்தனை பேர்! ஒற்றைப் பல் கட்டியிருக்கும் சின்னத் தகட்டைக் கழற்றாமல் தூங்குபவர்களும் உண்டு. அந்தத் தகடு அக்ரிலிக், எக்ஸ்ரேயில் தெரியாது. பக்கவாதம் வந்தவர், பார்கின்சன் நோயாளி, மறதி நோயாளி ஆகியோருக்கு விழுங்கும் அனிச்சைச் செயலே பழுதாகியிருக்கும். சிலருக்குப் புரையேறும்போது இருமல்கூட வராது. இவர்களைப் படுக்கையில் சாய்த்து வைத்து ஊட்டாதீர்கள். நேராக உட்கார வைத்து, சின்னச் சின்ன வாயாக, விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த வாய். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும். சயனக் கோலம் சிங்கவரத்துப் பெருமாளுக்கு இருக்கட்டும். பள்ளிகொண்டபடி சாப்பிடுவது நமக்கு ஆகாது.

மூன்றாவது வகை, வாயைக் கையாக வைத்திருக்கும் தொழிலாளிகள். ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டு சுத்தியல் பிடிக்கிற தச்சர், குண்டூசியை உதட்டில் வைத்துத் துணி மடிக்கிற தையல்காரர். புடவை மடிப்பைச் சரி செய்யும் வரை ஊக்கை வாயில் பிடித்துக்கொள்கிற எல்லாப் பெண்களையும் இதில் சேர்க்க வேண்டும். ஒரு தும்மல் போதும். முக்காடு ஊசியை இப்படி உதட்டில் வைத்து உள்ளே இழுத்துவிட்ட இளம் பெண்களைப் பற்றித் துருக்கி, எகிப்து மருத்துவர்கள் தொடர்ந்து எழுதிவந்திருக்கிறார்கள். பல் மருத்துவரின் நாற்காலியில் கழன்று விழும் பல் உறையும் இந்தக் கணக்கில் வரும்.

இனி, கண்டுபிடிப்பது எப்படி. எக்ஸ்ரே முதல் படி; ஆனால் அது கடைசிச் சொல் அல்ல. ஊசி, ஆணி, திருகு படத்தில் பளிச்சென்று தெரியும். மல்லாட்டையும் விதையும் பிளாஸ்டிக்கும் தெரியாது. எலும்பு தெரிந்தாலும் தெரியும், தெரியாமலும் போகும். "எக்ஸ்ரே நார்மல்" என்று எழுதியிருப்பதால் உள்ளே ஒன்றும் இல்லை என்று ஆகாது. சி.டி. ஸ்கேன் இன்னும் நன்றாகக் காட்டும். ஸ்டெதாஸ்கோப்பில் ஒரு பக்கம் மட்டும் கேட்கிற விசில் சத்தம் நல்ல தடயம். ஆஸ்துமா பொதுவாக இரண்டு பக்கமும் கேட்கும். முடிவாகச் சொல்லக்கூடியது பிராங்கோஸ்கோப்பி மட்டும்தான். வளையக்கூடிய மெல்லிய குழாயின் நுனியில் விளக்கும் கேமராவும் இருக்கும். தொண்டையை மருந்து தெளித்து மரக்க வைத்து, மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ உள்ளே விடுவார்கள். அதனுள்ளேயே குட்டி இடுக்கியையோ கம்பிக் கூடையையோ செலுத்திப் பொருளைப் பிடித்து இழுக்கலாம். ஈரமான பருப்பு, விதை போன்றவற்றைத் தொட்டு உறைய வைத்து, ஒட்டிக்கொண்டதும் அப்படியே வெளியே எடுக்கிற குளிர்முனைக் கருவியும் வந்துவிட்டது. பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இதிலேயே வேலை முடியும். பொருள் பெரியதாகவோ கூர்மையாகவோ இருந்தால் மயக்க மருந்து கொடுத்து, வளையாத உலோகக் குழாயால் எடுப்பார்கள். நெஞ்சைத் திறக்க வேண்டி வருவது அபூர்வம்.

இந்தச் சிகிச்சை தொடங்கிய இடத்திலும் ஒரு விவசாயி இருக்கிறார். 1897இல் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் குஸ்தாவ் கிலியன் என்ற மருத்துவர், 63 வயது விவசாயி ஒருவரின் வலது மூச்சுக்கிளையில் சிக்கியிருந்த பன்றி எலும்பை உலோகக் குழாய் வழியாக எடுத்தார். அதுவரை இப்படி ஒன்று மாட்டிக்கொண்டால் பெரும்பாலும் கத்தி வைக்க வேண்டும், அல்லது சாவுக்குக் காத்திருக்க வேண்டும். அவருக்குப் பின் வந்த அமெரிக்கர் செவாலியர் ஜாக்சன் வாழ்நாள் முழுக்க இதையே செய்தார். நோயாளிகளின் தொண்டையிலிருந்தும் நெஞ்சிலிருந்தும் எடுத்த ஊசிகள், நாணயங்கள், எலும்புகள், பொத்தான்கள் என 2,374 பொருட்களைச் சேர்த்து வைத்தார். பிலடெல்பியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறை இழுப்பறையாக இன்றும் இருக்கின்றன. வளையும் குழாயை ஜப்பானின் ஷிகெட்டோ இகேடா 1966இல் உலகுக்குக் காட்டினார். இன்று செஞ்சியிலிருந்து 70 கிலோமீட்டர் வாக்கில் இருக்கும் புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைகளில் இது வழக்கமான சிகிச்சை. விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள் முதலில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சகநோய்ப் பிரிவில் காட்டலாம்.

இப்போது அந்த முதல் இரண்டு நிமிடங்களுக்கு வருவோம். புரையேறியவர் இருமுகிறார், பேச முடிகிறது என்றால், சும்மா விடுங்கள். முன்னால் குனிந்து நன்றாக இருமட்டும். அவருடைய இருமலைவிட வலுவான வைத்தியம் நம் கையில் இல்லை. உச்சந்தலையில் தட்டுவதால் கெடுதலும் இல்லை, பயனும் இல்லை. தண்ணீர் கொடுப்பதை இருமல் நிற்கும் வரை தள்ளிப்போடுங்கள். மீன்முள் சிக்கினால் சோற்றுருண்டையை விழுங்கச் சொல்கிற வழக்கத்தையும் வாழைப்பழம் கொடுப்பதையும் இங்கே கொண்டுவராதீர்கள். அடைப்பு மூச்சுவழியில் இருக்கும்போது சோறு இன்னொரு அடைப்பாகத்தான் போய்ச் சேரும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவவும் கூடாது. மேலும் உள்ளே தள்ளிவிடும்.

பேச்சு வரவில்லை, இருமலில் சத்தமில்லை, கழுத்தைப் பிடித்துக்கொள்கிறார், உதடு கறுக்கிறது என்றால் ஒரு நொடியும் வீணாக்காதீர்கள். பக்கவாட்டில் நின்று, ஒரு கையால் மார்பைத் தாங்கி முன்னால் குனிய வைத்து, இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஓங்கி ஐந்து முறை தட்டுங்கள். தடவுவதுபோல் அல்ல, அடிப்பதுபோல். வரவில்லை என்றால் பின்னால் நின்று இரு கைகளாலும் இடுப்பைச் சுற்றி வளைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே ஒரு கையை முட்டியாக வைத்து, இன்னொரு கையால் அதைப் பிடித்து, உள்நோக்கி மேலாக ஐந்து முறை இழுங்கள். வயிற்றில் கொடுக்கும் இந்த அழுத்தத்தை 1974இல் சொன்னவர் ஹென்றி ஹைம்லிக் என்ற அமெரிக்க மருத்துவர். கர்ப்பிணிக்கும் மிகப் பருமனானவருக்கும் வயிற்றுக்குப் பதில் நெஞ்செலும்பின் நடுவில் அழுத்த வேண்டும். பொருள் வெளியே வரும் வரை ஐந்தும் ஐந்துமாக மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இன்னொருவர் 108க்குப் போன் செய்யட்டும். நினைவு தப்பி விழுந்தால் தரையில் மல்லாக்கக் கிடத்தி நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். வயிற்றை அழுத்திக் காப்பாற்றப்பட்டவரை, நன்றாக இருப்பதாகச் சொன்னாலும், மருத்துவமனையில் ஒருமுறை காட்டிவிடுங்கள், உள்ளே அடிபட்டிருக்கலாம்.

அடங்கிவிட்டால்? வாயில் போட்ட பொருள் வெளியே வந்ததா என்று பாருங்கள். திருகோ ஊசியோ பல் உறையோ காணவில்லை என்றால், எந்தத் தொல்லையும் இல்லாவிட்டாலும் அன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பருப்போ எலும்போ என்றால் அடுத்த நாட்களைக் கவனியுங்கள். விட்டுவிட்டு வரும் இருமல், முன்பு இல்லாத இளைப்பு, ஒரு பக்க நெஞ்சுவலி, திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல், சளியில் இரத்தம், இவற்றில் ஏதாவது இருந்தால் நுரையீரல் மருத்துவரிடம் போங்கள். போனதும் இருமலில் தொடங்காமல் புரையேறியதில் தொடங்குங்கள்: எப்போது, என்ன சாப்பிடும்போது, எவ்வளவு நேரம் இருமினீர்கள், அன்று குடித்திருந்தீர்களா. அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரே படங்கள் வீட்டில் பீரோ மேல் சுருட்டிக் கிடக்கும். அத்தனையையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு படத்திலும் நிழல் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க மருத்துவருக்கு வேறு வழியில்லை.